ரெக்கார்டு நோட்டின் இடப்பக்கம்

ஏனுங்க, அந்தச் சன்னலோரம் எனக்குக் கொஞ்சம் விட்டுத்தர முடியுங்களா? வாந்தி கீந்தி எதுவும் இல்லீங்க, பயப்படாதீங்க. வெளிச்சம் வேணும். கையில ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கு, சரவணம்பட்டி போய்ச் சேர்றதுக்குள்ள முடிச்சாகணும். அப்பாடா. ரொம்ப சந்தோசமுங்க. இந்தப் பையை மட்டும் உங்க மடியில வெச்சுக்குங்க. பார்த்து, உள்ள ஸ்கேல் நீட்டிக்கிட்டிருக்கு, குத்திரப் போகுது.

நீங்க காந்திபுரம் வரைக்குமா? நல்லதாப் போச்சு, பேச்சுத்துணை ஆச்சு. வண்டி ஓடறப்ப பேசலாம். நின்னா மட்டும் நான் குனிஞ்சுக்குவேன், தப்பா நினைச்சுக்காதீங்க. ஆடற வண்டியில கோடு நேரா வராதுங்க.

நான் யாருன்னே சொல்லல பாருங்க. குழந்தைவேலு. முனைவர் குழந்தைவேலு. சத்தியில மில்லுக்குப் பின்னாடி வரதநாயகி கலை அறிவியல் கல்லூரின்னு ஒண்ணு இருக்குதுங்களே, அங்கே பி.பி.ஏ. சி.ஏ. துறைத்தலைவர். சி.ஏ.ன்னா ஆடிட்டர் படிப்பு இல்லீங்க. பாதிப்பேர் அப்படி நினைச்சுத்தான் பிள்ளைகளைக் கொண்டாந்து சேர்க்கறாங்க, நாங்களும் சேர்ற அன்னைக்கு அதைப் போய்த் திருத்திக்கிட்டு இருக்கறதில்லை. கம்ப்யூட்டர் அப்ளிகேசன்னு அர்த்தம். வியாபார நிர்வாகமும் ஆச்சு, கம்ப்யூட்டரும் ஆச்சு.

எனக்கு டாக்டர் பட்டம் எதுலன்னா, தேங்காய் எண்ணெயில. கோபி வட்டாரத்துல பொம்பளைங்க எந்த எண்ணெய் வாங்கறாங்க, வாங்கினதுல திருப்தியா இருக்காங்களான்னு ஆராய்ச்சி. ஓரளவுக்குத் திருப்தியா இருக்காங்கன்னு முடிவு வந்துச்சு. அப்புறம் கம்ப்யூட்டர் காலம் வந்துச்சுங்களா, தபால்ல ஒரு டிப்ளமா முடிச்சேன். துறையைத் தூக்கி என் கையில குடுத்துட்டாங்க.

உங்களுக்குப் பிள்ளைங்க? ஓ, ஒரே பொண்ணா. ப்ளஸ் டூ முடிச்சுட்டாளா! என்ன குரூப்புங்க? காமர்ஸ். அட. இருங்க, இதை அப்புறம் சாவகாசமாப் பேசுவோம். இந்தாங்க, இந்த நோட்டீசை முதல்ல பையில வெச்சுக்குங்க. வழவழன்னு இருக்கா? சிவகாசியில அடிச்சது. அதுல சிரிச்சுக்கிட்டு நிக்குதே ஒரு பொண்ணு, அவளைப் பத்தித்தான் நான் சொல்ல வந்தேன். என் மனக்குறையே அவதான்.

பேரு மிருதுளா. எங்க துறையில படிச்ச பொண்ணுதான்.

அவ கதைக்கு முன்னாடி எங்க லேபைச் சொன்னாத்தான் உங்களுக்கு விளங்கும். ஒருநாள் நீங்க குடும்பத்தோட வந்து பார்க்கணும். செருப்பை வாசல்லயே கழட்டிரணும். கம்ப்யூட்டர் ஒவ்வொண்ணுக்கும் மெரூன் கலர்ல துணி உறை, ஓரத்துல ஜரிகை, எங்க ஹோம் சயின்ஸ் பிள்ளைங்க தைச்சுக் குடுத்தது. கீபோர்டுக்கு மேல பிளாஸ்டிக் தாள். தூசு ஒரு பொட்டு இருக்காது. ஆய்வுக்குழுவுல இருந்து வந்தவர் ஒருத்தர், 'இதெல்லாம் இப்பத்தான் வாங்கினீங்களா சார்?'னு கேட்டார். இல்லீங்க, ரொம்பப் பழசுன்னேன். மனுசன் அசந்து போயிட்டார். கீபோர்டுல ஒரு எழுத்து அழிஞ்சிருக்கணுமே? ம்ஹூம். எங்க காலேஜுல பிள்ளைங்க வருவாங்க, போவாங்க, எழுத்து மட்டும் அப்படியே இருக்கும். ஆயுத பூஜை அன்னைக்கு எல்லாத்தையும் ஒண்ணா ஆன் பண்ணுவோம். பொரி கடலை, சந்தனம், குங்குமம். பார்க்கக் கண்கொள்ளாக் காட்சியா இருக்கும்.

அப்ப பிள்ளைங்க எதுல கத்துக்கறாங்கன்னு கேக்கறீங்க. எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க. ரெக்கார்டு நோட்டுன்னு ஒண்ணு எதுக்குங்க இருக்கு? தடிமனா, அட்டை போட்ட நோட்டு. வலது பக்கம் கோடு போட்டிருக்கும், அதுல நோக்கம், செய்முறை, முடிவுன்னு எழுதணும். இடது பக்கம் வெறும் வெள்ளை. அதுல படம். கம்ப்யூட்டர் திரையில என்ன தெரியுமோ அதை அப்படியே பென்சில்ல, ஸ்கேல் வெச்சு வரையணும். எக்செல் தெரியுங்களா? கட்டம் கட்டமா இருக்குமே. அத்தனை கட்டமும் கையால போடணும். கையால போட்டாத்தான் மனசுல நிக்கும். என்கிட்டப் படிச்சவன் ஒருத்தன் இப்ப பவானிசாகர்ல வீட்டுக்குப் பிளான் போட்டுச் சம்பாதிக்கறான். அந்தக் கை யாரு குடுத்த கை?

ரெக்கார்டுல நான் கையெழுத்துப் போட்டாத்தான் பிராக்டிகல் பரீட்சைக்குள்ள விடுவாங்க. அது பல்கலைக்கழக விதி. என் கையெழுத்து இல்லேன்னா ஆப்சென்ட்தான். அதனால அதை நான் லேசுல போடறதில்லீங்க. ஒரு கட்டம் கோணலா இருந்தாலும் போடமாட்டேன்.

இருங்க இருங்க, புளியம்பட்டி வந்துருச்சு. ஏறட்டும், எல்லாரும் ஏறட்டும். ஒரு நிமிசம்.

ம். மூணு கோடு ஆச்சு. கோந்து மேல பென்சில் வழுக்குதுங்க, அதான் சிரமம்.

எங்க விட்டேன்? ஆங், தை மாசம். எங்க காலேஜுக்கு முதல்முதலா ஒரு கம்பெனி வந்துச்சுங்க, பிள்ளைகளை வேலைக்கு எடுக்க. சரவணம்பட்டியில இருக்கற கம்பெனி. பெரிய பெரிய கடைகளோட கணக்கை வெளிநாட்டுக்குப் பார்த்துக் குடுக்கறாங்களாம். வர்ற சங்கதி எனக்கே அன்னைக்குக் காலையிலதான் தெரியும். கடிதாசி என் மேஜை மேலதான் இருந்திருக்கு, ரெக்கார்டு நோட்டுக்கு அடியில. சரியான தகவல், சரியான ஆளுக்கு, சரியான நேரத்துல போய்ச் சேரணும்னு நான் வருசா வருசம் வகுப்புல சொல்லி எழுத வைக்கறேன். ஆபீஸ்காரங்க அதையெல்லாம் எங்கே கேக்கறாங்க.

வந்தவன் சின்னப் பையன். பனியன் மாதிரி ஒண்ணு போட்டுக்கிட்டு, கழுத்துல அடையாள அட்டை. செருப்பைக் கழட்டுங்கன்னேன், சிரிச்சுக்கிட்டே கழட்டினான். பிள்ளைங்க கையில ஆளுக்கு ஒரு தாள் குடுத்தான். அதுல ஏதோ கடைகளோட விற்பனைக் கணக்கு. 'ஊர் வாரியாக் கூட்டிப் பார்த்து, ஒரு படம் போட்டு, எனக்கு மெயில் அனுப்புங்க. அவ்வளவுதான்'னான்.

எங்க பிள்ளைகளோட கட்டுப்பாட்டை நீங்க அன்னைக்குப் பார்த்திருக்கணும்! ஒருத்தர் உறையில கை வைக்கல. எல்லாரும் நாற்காலிக்குப் பின்னாடி கையைக் கட்டிக்கிட்டு என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே நின்னாங்க. நான் தலையாட்டினேன். உக்கார்ந்தாங்க. பையைத் திறந்தாங்க. பென்சில், ரப்பர், ஸ்கேல். எழுத ஆரம்பிச்சாங்க பாருங்க, முத்து முத்தா. 'நோக்கம்: கொடுக்கப்பட்ட விற்பனை விவரங்களைக் கூட்டுதல். செய்முறை: முதலில் கணினியை இயக்கவும்.' கடைசியில அடிக்கோடு போட்டு, 'முடிவு: இவ்வாறாக மேற்கண்ட பயிற்சி வெற்றிகரமாக நிறைவேற்றப்பட்டது.'

அந்தப் பையன் ஒவ்வொரு தாளா வாங்கிப் படிச்சான். 'சார், எதுவும் நிறைவேறலையே'ன்னான். 'ஏனுங்க, முடிவு எழுதியிருக்குதே, படிக்கலையா?'ன்னேன். அத்தனை தாளையும் அடுக்கி என் கையிலயே திருப்பிக் குடுத்துட்டான்.

ஒரே ஒருத்திதான் ஒழுங்கு தப்பினா. இந்த மிருதுளா. உறையை உருவிப் போட்டா, சுருட்டித் தரையில. கீபோர்டு மேல இருந்த பிளாஸ்டிக்கைப் பிச்சு எடுத்தா. 'ஏம்மா, ஏம்மா!'ன்னு ஓடினேன். 'சார், இது இருந்தா கீ அழுந்தலைங்க சார்'ங்கறா. அழுந்தக் கூடாதுன்னுதானே போட்டு வெச்சிருக்கு! லேபுல இன்டர்நெட் கிடையாது, அது தாளாளர் அறையில மட்டும்தான். இவ தன் செல்போனை எடுத்தா, என்னவோ பண்ணி கம்ப்யூட்டரோட சேர்த்தா, மெயில் போயிருச்சு. அந்தப் பையன் பாக்கெட்டுல இருந்த போன் டிங்குன்னு சத்தம் போட்டுச்சு. அவனுக்கு வாயெல்லாம் பல்லு.

அவளை மட்டும் எடுத்துக்கிட்டாங்க. நீங்களே சொல்லுங்க, இது நியாயமா? நோக்கம், செய்முறை, முடிவு எல்லாம் எழுதின பிள்ளைகளை விட்டுட்டு, நோக்கமே எழுதாம வேலை செஞ்சவளைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க.

விசாரிச்சேன். சாயங்காலமானா பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு இ-சேவை மையத்துல உக்கார்ந்து, சனங்களுக்கு ஜாதிச் சான்றிதழ், முதியோர் பென்சன், அது இதுன்னு விண்ணப்பம் தட்டிக் குடுப்பாளாம். அப்பன் இல்லை. அம்மா மல்லிக் காட்டுல பூப்பறிக்கற பொம்பளை. சத்தியில பாதி சனம் விடியக்காலம் அந்த வேலைக்குத்தானே போகுது. பாவப்பட்ட குடும்பம்னா எனக்குத் தெரியாதா? அதனாலதான் நான் அவமேல கோபமே படல. கண்டிப்பாத்தான் இருந்தேன். ரெண்டும் வேற வேறங்க.

பங்குனியில ரெக்கார்டு வைக்கற நாள் வந்துச்சு. எல்லாரும் வரிசையா வந்து நோட்டை வைக்கறாங்க. இவ நோட்டு மட்டும் புடைச்சுக்கிட்டு நிக்குது. திறந்து பார்த்தா, இடது பக்கம் பூராவும் அச்சடிச்ச தாள். கம்ப்யூட்டர் திரையை அப்படியே பிரிண்ட் எடுத்து, கோந்து போட்டு ஒட்டியிருக்கா.

'என்னம்மா இது?'

'ஸ்க்ரீன்ஷாட்டுங்க சார்.'

'படம் எங்கே?'

'இதான் சார் படம். ஸ்க்ரீன்ல என்ன வந்துச்சோ அதேதான் சார்.'

'இது மெசின் போட்டது. நீ போட்டது எங்கே?'

'உள்ள இருக்கற கணக்கு நான் போட்டதுங்க சார்.'

எப்படிப் பேச்சு பாருங்க. வகுப்பே பார்த்துக்கிட்டு நிக்குது. இத்தனை வருசத்துல ஒரு பிள்ளை என்னைப் பார்த்து அப்படிச் சொன்னதில்லை. நான் என்ன பண்ணினேன்? அடிக்கல, திட்டல. ஒவ்வொரு தாளா நிதானமாப் பிச்சு எடுத்து, கசக்கிக் குப்பைத் தொட்டியில போட்டேன். 'நாளன்னைக்குள்ள அத்தனையும் வரைஞ்சு கொண்டா. கையெழுத்துப் போடறேன்'னேன். விதிப்படிதான் நடந்துக்கிட்டேன்.

அவ வரையல. என்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேக்கவுமில்ல. அந்த ஆதங்கம் எனக்கு இன்னைக்கும் இருக்குங்க. ஒரு வார்த்தை, 'சார், முடியல, மன்னிச்சுருங்க'ன்னு கேட்டிருந்தா நான் என்ன கல்லா? லேப் வாசல்ல மட்டும் தினமும் நிப்பா. செருப்பைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு, நான் வர்றப்பவும் நிப்பா, போறப்பவும் நிப்பா. நின்னா என்னன்னு அர்த்தம்? வாயைத் திறந்து கேக்கணுமில்ல? ஒருநாள் அவங்கம்மா கூட வந்து நின்னுச்சு, மடியில ஒரு பொட்டலம் மல்லிகையோட. எனக்கு வகுப்பு இருந்துச்சு, போயிட்டேன். பிராக்டிகல் அன்னைக்கு ஆப்சென்ட் விழுந்துச்சு. அரியர். டிகிரி நின்னு போச்சு.

வண்டி ஏன் நிக்குது? லாரியா? நல்லதாப் போச்சு. கொஞ்சம் அந்த ஸ்கேலை எடுங்க. ம்... ம். அவ்வளவுதான், நன்றிங்க.

அத்தோட முடிஞ்சுதுன்னுதாங்க நினைச்சேன். கம்பெனிக்காரன் அவளை விடல. பரீட்சை முடிஞ்ச மறு வாரமே வேலைக்குச் சேர்த்துக்கிட்டான், துணைத்தேர்வு எழுதிப் பாசாகி டிகிரியைக் கொண்டாந்து காட்டணும், காட்டலேன்னா வெளியே போகணும்னு ஒரு நிபந்தனையோட. அந்தத் துணைத்தேர்வு நாளைக்குக் காலையில, கோயமுத்தூர்ல ஒரு காலேஜுல. அதுவும் என் கையெழுத்து இருந்தாத்தான்.

இதுக்கு நடுவுல எங்க பொழைப்பு நாறிப் போச்சு. அட்மிசன் நேரமுங்க இது. எங்க துறைக்கு விண்ணப்பமே வரல. வாத்தியார்னா முன்னெல்லாம் கோடையில வீட்ல படுத்துத் தூங்கலாம். இப்ப வீடு வீடாப் போய்ப் பிள்ளை பிடிக்கணும். ஊர் ஊரா ப்ளஸ் டூ முடிச்ச வீட்டைத் தேடிப்போய், அவங்க நாய்க்குப் பயந்து கேட்டுக்கு வெளியவே நின்னு பேசறோம். நான் முனைவருங்க. ஒரு வீட்ல என்னை கேபிள்காரன்னு நினைச்சு, படம் சரியா வரலைன்னு திட்டி அனுப்பிட்டாங்க.

எங்க தாளாளர் செங்கோடப்பன் மில்லுக்காரர். பட்டுன்னு ஒண்ணு பண்ணினார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல ரெண்டு மாடி உசரத்துக்கு ஒரு பிளெக்ஸ். மிருதுளா படம். 'எங்கள் மாணவி! எங்கள் பெருமை! படிக்கும்போதே வேலை!' அதே படம்தான் உங்க கையில இருக்கற நோட்டீசுலயும். பொண்ணைக் கேட்டாரா? இல்லை. என்னைக் கேட்டாரா? அதுவும் இல்லை. ஆனா வேலை செஞ்சுதுங்க. விண்ணப்பம் சொட்டு சொட்டா வர ஆரம்பிச்சுது.

அப்பத்தான் அவகிட்ட இருந்து காலேஜுக்கு ஒரு செய்தி வந்துச்சு. 'ஐயா, வணக்கம். எனக்குப் பட்டம் தராத கல்லூரி என் படத்தை வைக்கலாமா? பார்த்து எடுத்துவிடுங்கள்.' மரியாதையாத்தான் எழுதியிருந்தா. மரியாதையா எழுதினதுதான் தாளாளருக்குத் திக்குன்னு ஆயிருச்சு.

என்னைக் கூப்பிட்டார். 'ஏனுங்க டாக்டரே, அந்தப் பொண்ணு படத்தை எடுத்தா உங்க துறையையும் சேர்த்து எடுத்துர வேண்டியதுதான். எடுத்துட்டு நீங்க ஹாஸ்டல் மெஸ்ஸைப் பார்த்துக்குங்க. தேங்காய் எண்ணெய் பத்தித்தான் உங்களுக்குத் தெரியுமே'ன்னார்.

எனக்குக் கண்ணு கலங்கிருச்சுங்க. பிள்ளைங்க முன்னாடி கரண்டியோட நிக்கறதை நினைச்சுப் பார்த்தேன். நேத்து வரைக்கும் எழுந்து நின்ன பையன், 'சார், இன்னும் ரெண்டு இட்லி'ன்னு தட்டை நீட்டுவான். 

'ஒரு கையெழுத்துதானுங்களே, போட்டுக் குடுத்துருங்க'ன்னார் தாளாளர். அவளும் ஒத்துக்கிட்டா. பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் ரெக்கார்டு கையெழுத்தோட கைக்கு வந்துட்டா, படம் இருந்துட்டுப் போகட்டும்னுட்டா. அவளுக்கு லீவு இல்லை. அதனால நானே எடுத்துக்கிட்டுப் போறேன். துறைத்தலைவர் மாணவியைத் தேடிப் போறேன், பஸ்ல. காலம் கெட்டுக் கிடக்குது.

ஆனா ஒண்ணுங்க. ஒரு கையெழுத்துதானேன்னு அவர் லேசாச் சொல்லிட்டார். நோட்டைத் திறந்து பார்த்தா இடது பக்கம் பூராவும் வெறுமையா இருக்கு. நான் பிச்ச இடத்துல கோந்துக் கறை மட்டும். வெறும் பக்கத்துக்கு எப்படிங்க கையெழுத்துப் போடறது? மெஸ்ஸுக்கே போனாலும் போவேன், படம் இல்லாத ரெக்கார்டுல மட்டும் என் பேனா இறங்காது. மனசாட்சின்னு ஒண்ணு இருக்குதுல்ல?

அதனாலதான்...

ஆமாங்க. நானேதான் வரையறேன். ஒரு வாரமா இதே வேலை. கையில காப்புக் காய்ச்சுப் போச்சு பாருங்க. சம்சாரம் வந்து எட்டிப் பார்த்துட்டு, 'அந்தப் பிள்ளை ஒட்டினதை நீங்க எதுக்குப் பிச்சீங்க?'ன்னு கேட்டா. அவளுக்கு ரெக்கார்டைப் பத்தி என்ன தெரியும். மிருதுளா ஒட்டின பிரிண்டு குப்பையோட போயிருச்சு, அதனால எங்க துறை ஆரம்பிச்ச முதல் வருசத்துல படிச்ச மாணவன் ஒருத்தனோட மாதிரி ரெக்கார்டைப் பார்த்துப் போடறேன். அதுல திரை பழைய மாதிரி இருக்கும். இப்ப பட்டனெல்லாம் இடம் மாறிருச்சாமே? போன்ல உங்களுக்குத் தெரியுங்களா? வேண்டாம் வேண்டாம், காட்டாதீங்க, குழம்பிரும். பரீட்சைக்கு வர்றவர் படம் இருக்குதான்னுதான் பார்ப்பார், என்ன படம்னு பார்க்கமாட்டார்.

கோவில்பாளையம் தாண்டிட்டமா? கடைசிப் படம் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. வட்டப்படம். காம்பஸை வீட்ல மறந்து வெச்சுட்டேன். உங்க தண்ணி பாட்டில் மூடியைக் கொஞ்சம் குடுங்க. இதை இப்படி வெச்சு... அழுத்திப் பிடிச்சுக்குங்க, நகரக் கூடாது. சுத்தி ஒரு வட்டம். ஆஹா. என்னமா வந்திருக்கு!

இப்ப இதைத் துண்டு போடணும். எப்படிப் போடறதுன்னு மாதிரி ரெக்கார்டுல இல்லை. ஏன்னா இது அவளா எடுத்துக்கிட்ட கணக்கு. ஏதாவது ஒரு விவரத்தை வெச்சு வட்டப்படம் போடுன்னா, எல்லாரும் நாலு கம்பெனின்னு போடுவாங்க. இவ மட்டும் மல்லிகைப் பூ. வலது பக்கம் எழுதியிருக்கா பாருங்க. 'நோக்கம்: ஒரு கிலோ மல்லிகை விற்ற பணம் யார் யாருக்கு எவ்வளவு போகிறது என்று காட்டுதல்.' தோட்டக்காரர், பறிப்பவர், மண்டி, வெளியூர் வியாபாரி. நாலு பேர்.

அவ ஒட்டியிருந்த படம் லேசா ஞாபகம் இருக்குங்க. நல்லாவே இல்லை. ஒண்ணு பெருசு, ஒண்ணு அதைவிடப் பெருசு. ஒரே ஒரு இடத்துல மட்டும் மெலிசா, பென்சில் முனை அளவுக்குச் சிவப்பா ஒரு கீத்து. நான் அதைப் பிச்சு எடுக்கறப்பத்தான், அந்தப் பொண்ணு விரலை அதுமேல வெச்சுக்கிட்டு, 'சார், இது மட்டும் வேண்டாம் சார், இது எங்கம்மா சார்'னா. எனக்கு ஒண்ணும் புரியல. பிரிண்டர்ல மை ஒழுகினதுன்னு நினைச்சேன்.

அந்தக் கோணல் எல்லாம் நம்மகிட்டக் கிடையாது. குறுக்க ஒரு கோடு. நெடுக்க ஒரு கோடு. பாருங்க. நாலு துண்டும் சமம். தோட்டக்காரருக்கு ஒண்ணு, பறிக்கறவங்களுக்கு ஒண்ணு, மண்டிக்கு ஒண்ணு, வியாபாரிக்கு ஒண்ணு. யாராவது குறை சொல்ல முடியுங்களா? அவங்கம்மா பார்த்தாக்கூட சந்தோசப்படும்.

என்ன அப்படிப் பார்க்கறீங்க? அழகா இல்லையா?

சரி, இனி முதல் பக்கம். சான்றிதழ். இதைச் சத்தமாப் படிச்சுட்டுத்தான் நான் எப்பவும் கையெழுத்துப் போடுவேன். 'இந்த ரெக்கார்டில் உள்ள அனைத்தும் மாணவி மிருதுளா தன் கையால், சொந்தமாகச் செய்தவை எனச் சான்றளிக்கிறேன்.' அன்னைக்குப் போடச் சொன்னப்ப எனக்குக் கை வரல. இன்னைக்கு வருது. தேதி. முத்திரை. முடிஞ்சுது.

கண்டக்டரே, சரவணம்பட்டி, இறங்கணும், இறங்கணும்! அந்தப் பையைக் குடுங்க. இந்தாங்க உங்க மூடி, பத்திரமாப் போட்டு மூடிக்குங்க. அதோ, நிழற்குடையில நிக்கறா பாருங்க, நீலச் சுடிதார், அவதான். நோட்டீசுல இருக்கறதை விட இளைச்சுத் தெரியறா. அட, என்னைப் பார்த்ததும் செருப்பைக் கழட்டறா.

பார்த்தீங்களா, எங்க காலேஜ் ஒழுங்கை? பொண்ணைக் கூட்டிக்கிட்டு திங்கக்கிழமையே வந்துருங்க.